சுழியோடியின் டாங்கி

அவர் என்னை ஒருநாளும் கொன்றதில்லை. மூன்று வருடங்களில் எத்தனை நூறு ஆட்டங்கள் ஆடியிருப்போம் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றிலும் என் டாங்கியின் தலைக்கு மேலிருந்த பச்சைக் கோடு மஞ்சளாகி, சிவப்பாகி, கடைசியில் நூலளவுக்கு வந்து நிற்கும். இன்னும் ஒரு குண்டு போதும். அந்த நேரம் பார்த்துப் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிடுவார்.

"மிச்சம் அடுத்த முறைக்கு, தங்கச்சி."

அது கைத்தொலைபேசியில் ஆடுகிற ஒரு விளையாட்டு. திரை முழுக்க மேடும் பள்ளமுமாக மலைகள். இந்தப் பக்கத்து மலையில் ஒரு டாங்கி, அந்தப் பக்கத்தில் இன்னொன்று. மாறி மாறி அடிக்க வேண்டும். குழாயை எத்தனை பாகை தூக்குவது, எவ்வளவு வேகம் கொடுப்பது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று மூன்றையும் பார்த்து அடித்தால் குண்டு மேலே போய் வளைந்து மலைக்கு அப்பால் விழும். விழுந்த இடம் பெயர்ந்து கிடங்காகும். காலடி மண் போனால் டாங்கி சறுக்கிக்கொண்டு கீழே இறங்கும்.

அவர் சுழியோடியாக இருந்தவர். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்கிக் கடலட்டையும் சங்கும் பொறுக்குகிற தொழில். ஒருநாள் ஆழத்திலிருந்து வேகமாக ஏறியதில் இரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டி முள்ளந்தண்டைத் தாக்கியது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் இயன்மருத்துவ உதவியாளராக இருந்தேன். என்னிடம் தந்த பட்டியலில் எட்டு வீடுகள். அதில் ஐந்து வீடுகளில் சக்கரக் கதிரையில் இருந்தவர்கள் சுழியோடிகள். கிழமைக்கு இரண்டு நாள் மன்னார் டவுணிலிருந்து ஸ்கூட்டியில் புறப்பட்டு, வங்காலை கடந்து, சிலாவத்துறைப் பக்கம் கடலோரத்தில் இருந்த அவருடைய வீட்டுக்குப் போவேன்.

முதல் நாள் அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. சக்கரக் கதிரையில் இருப்பவர் கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கைப்பிடிகளை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இருக்கும் இடத்தில் இரத்தம் ஓடாமல் தோல் செத்து, புண்ணாகி, எலும்பு வரைக்கும் போகும் என்று நான் படித்ததை ஒப்பித்தேன். அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். தோள்கள் அப்போதும் கடலுக்குப் போகிறவரின் தோள்களாகத்தான் இருந்தன. மடிக்குக் கீழே உடுத்திருந்த சாரம் மட்டும் இரண்டு தடிகளின் மேல் போர்த்தியதுபோல் கிடந்தது.

"மிஸ், கனநேரம் ஒரே இடத்தில இருந்தா உங்களுக்கு நோகும்தானே? என்ன செய்வியள்?"

"கொஞ்சம் அசைஞ்சு இருப்பன்."

"ஆரும் சொல்லித் தரோணுமா?"

"இல்லை."

"எனக்கு அந்த இடம் இருக்கெண்டே தெரியாது. இல்லாத இடத்தை எப்பிடி நெடுகலும் ஞாபகம் வைச்சிருக்கிறது?"

அவருடைய போனில் கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா மணி அடிக்க வைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் போனபோது அதை நிறுத்தியிருந்தார். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற மாதிரி இருக்கிறதாம்.

அன்றைக்கு அவர் அந்தப் போனில்தான் மூழ்கியிருந்தார். எட்டிப் பார்த்தேன். சத்தமில்லாமல் ஒரு குண்டு மலையைத் தாண்டிப் போய் வெடித்தது. ஏன் சத்தம் இல்லை என்று கேட்டேன். மனைவி சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் கையைக் காட்டினார். அவருக்குச் சொந்த ஊர் வெள்ளாங்குளம். சின்ன வயதில் அங்கிருந்து ஷெல்லடிக்குள் ஓடி வந்தவர்; விளையாட்டுச் சத்தம் கேட்டாலும் கையிலிருப்பதைப் போட்டுவிடுவார். அதனால் அந்த வீட்டில் டாங்கிகள் எப்போதும் ஊமையாகத்தான் அடித்தன.

"இதில ரெண்டு பேரும் விளையாடலாம்" என்றார். "விளையாடுவியளோ?"

நான் உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்துப் பௌதிகவியலில் கோட்டை விட்டவள். எறிகிற பொருள் போகிற பாதையைப் பற்றி எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் நாற்பத்தைந்து பாகை மட்டும்தான். அதை வைத்து அடித்தேன். குண்டு திரைக்கு வெளியே போயிற்று. அடுத்தது என் காலடியிலேயே விழுந்தது. ஒவ்வொரு தடவையும் கோணத்தைக் கூட்டி, குறைத்து, திரும்பக் கூட்டி, ஒரு குண்டுக்கு இரண்டு நிமிடம் எடுத்தேன். அவர் பொறுமையிழந்து கதிரைக் கைப்பிடியில் தாளம் போட்டார்.

"அடியுங்கோவன் மிஸ். அவன் மலையோட எழும்பி ஓடப்போறானா?"

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. "ஒரு ஒப்பந்தம்" என்றேன். "என்ரை குண்டு விழும் வரைக்கும் நீங்கள் தூக்கிக்கொண்டு நிக்கோணும். கதிரையில இருந்தியளெண்டா அந்த ஆட்டம் உங்களுக்குத் தோல்வி."

முதல் தடவையாகச் சிரித்தார். கைப்பிடிகளில் கை வைத்து ஒரே மூச்சில் உடம்பைத் தூக்கினார். நான் வேண்டுமென்றே காற்றைப் பார்த்தேன், கோணத்தைப் பார்த்தேன், ஒரு பாகை மாற்றினேன், திரும்ப மாற்றினேன். அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கியபோது அடித்தேன். ஒரு மணித்தியாலத்தில் இருபது தடவைக்கு மேல் எழும்பியிருப்பார். கதிரையில் இருந்தே அவருக்கு ஏற்கெனவே வந்திருந்த புண் ஐந்தாறு கிழமையில் மூடி, புதுத் தோல் வந்தது. எங்கள் நிறுவனத்து ஒருங்கிணைப்பாளர் படம் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நான் மிஸ் என்பது மாறித் தங்கச்சி ஆனது அந்த நாட்களில்தான்.

அவருக்குக் கணக்குத் தெரியாது. ஏழாம் வகுப்போடு நின்றவர். ஆனால் அவருடைய குண்டு போகிற இடத்துக்குப் போகும். திரையில் காற்றுக் குறி வலப்பக்கம் காட்டினால் கச்சான் என்பார், இடப்பக்கம் காட்டினால் கொண்டல். "கச்சானுக்கு மூக்கைக் கொஞ்சம் பின்னால தள்ளோணும்" என்று சொல்லிக்கொண்டே விரலால் குழாயைத் தடவுவார். மலைகளுக்கும் பெயர் வைத்திருந்தார். எல்லாம் பார் என்று அவர்கள் சொல்லுகிற கடலடிப் பாறைமேடுகளின் பெயர்கள்.

"மன்னாரில மலை எங்கை இருக்கு அண்ணை? நீங்கள் மலை கண்டிருக்கிறியளா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கரையிலதான் இல்லை. கீழ இறங்கிப் பாருங்கோ. ஏறி இறங்கி ஏறி இறங்கிக் கிடக்கும். நான் மலையில வேலை செய்தவன், தங்கச்சி."

இனி அவருடைய அந்தக் குணத்துக்கு வருகிறேன். அவர் எதையும் முடிக்கமாட்டார். தேத்தண்ணியில் கடைசி மிடறு கிளாசிலேயே நிற்கும். சோற்றுக் கோப்பையில் கடைசிப் பிடி கிடக்கும். பின்னேரம் செபமாலை சொல்லும்போது நாலு பத்து மணிதான் சொல்லுவார். ஐந்தாவதை மனைவி தனியாகச் சொல்ல வேண்டும். "மாதாவுக்கும் மிச்சம் வைக்கிற மனுசன்" என்று அந்த அக்கா என்னிடம் முறையிடுவார். தென்னோலைக் கிடுகு பின்னக் கொடுத்தாலும் ஒரு சாண் விட்டுவிட்டுத்தான் கீழே வைப்பார். முதலில் அதை நான் சோம்பல் என்று நினைத்தேன். பிறகு, நோயாளிகளுக்கு வருகிற ஒரு பிடிவாதம் என்று என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தேன்.

விபத்து நடந்த கதையையும் அவர் அப்படித்தான் சொல்லுவார். காலையில் மூன்று பேர் போனது, கடல் கண்ணாடிபோல் கிடந்தது, முதல் சிலிண்டரில் ஒன்றும் கிடைக்காதது, இரண்டாவதில் அட்டை கண்டது எல்லாம் சொல்லுவார். "மூண்டாவது சிலிண்டர் முடிஞ்சு ஏறினன்" என்ற இடத்தில் நிறுத்திவிடுவார். பிறகு வேறு கதை. நாலைந்து தடவை கேட்ட பிறகு ஒருநாள் நான் பொறுக்க மாட்டாமல், "அதுக்குப் பிறகு?" என்று கேட்டேன். அவர் கதிரையைத் திருப்பிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார். மிச்சத்தை மனைவிதான் சொன்னார்.

"மூண்டு சிலிண்டரோட போதும் எண்டு மற்ற ரெண்டு பேரும் சொன்னவையாம் மிஸ். பை நிரம்ப இன்னும் ஒரு பிடி அட்டைதான் குறை. இவர், முடிச்சுக்கொண்டு வாறன் எண்டு நாலாவதைக் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார். ஏறி வந்து வள்ளத்தில இருந்து பிளேன்ரீ குடிக்கேக்கை கால் விறைக்குதெண்டவராம். திரும்பக் கீழ இறக்கினாச் சரிவரும் எண்டு கயித்தில கட்டி இறக்கியும் பாத்திருக்கினம். கரைக்குக் கொண்டு வரேக்கை இடுப்புக்குக் கீழ கிள்ளினாலும் தெரியேல்லை."

வெளியே முற்றத்தில் அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். எங்கள் பேச்சு அவருக்குக் கேட்டிருக்கும்.

இது தெரிந்த பிறகாவது நான் அவருடைய போக்கில் விட்டிருக்க வேண்டும். நான் விடவில்லை. பெற்றோல் தட்டுப்பாடு வந்த வருடம் அது. ஸ்கூட்டியை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போவேன். பஸ்ஸும் நினைத்த நேரத்துக்குத்தான் வரும். ஒருநாள் டவுணில் இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்று, தெருக் கழுதைகளோடு கழுதையாக மரநிழலுக்கு ஒதுங்கி, அவருடைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்குத் தலையிடி. ஆட்டம் வழமைபோல் போயிற்று. என் டாங்கி சிவப்பு நூலுக்கு வந்தது. அவர் போனைக் கவிழ்த்தார்.

"மிச்சம் அடுத்த முறைக்கு."

"இல்லை அண்ணை. இண்டைக்கு முடியுங்கோ. நீங்கள் விட்டுக் குடுக்க நான் சின்னப்பிள்ளை இல்லை."

"விட்டுக் குடுக்கேல்லை, தங்கச்சி."

"அப்ப அடியுங்கோ."

அவர் அடிக்கவில்லை. போனை என்னிடம் தந்து உங்கள் முறை என்றார். நான் குழாயைத் தொண்ணூறு பாகைக்கு நேர் மேலே தூக்கினேன். திரையில் காற்றுக் குறி இருக்கவில்லை. அடித்தேன். குண்டு திரையின் மேல்விளிம்பைத் தாண்டிப் போயிற்று. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நேரே இறங்கி வந்து என் தலையிலேயே விழுந்தது. என் டாங்கி சிதறி, அவர் வென்றதாகத் திரையில் பெரிய எழுத்து வந்தது.

"முடிஞ்சுது" என்று சொல்லிச் சிரித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் அழுதுகொண்டிருந்தார். குண்டு விழும்வரை கதிரையில் இருக்கக்கூடாது என்ற ஒப்பந்தத்துக்காகத் தூக்கிய உடம்பை இன்னும் இறக்கவில்லை. கண்ணைத் துடைக்கக் கை இல்லை.

"ஏன் முடிச்சனீங்கள்?" என்றார். "முடிச்சா எழும்பிப் போயிடுவியள். மிச்சம் இருந்தாத்தானே ஆள் திரும்பி வரும்."

நான் அவருடைய தோளைப் பிடித்துக் கதிரையில் இருத்தினேன். கட்டாயம் வருவேன் என்றேன். பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் போனேன். அந்த வருடத்தில் ஒரு ஆட்டத்தையும் நாங்கள் முடிக்கவில்லை.

எங்கள் திட்டத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த உதவி நின்றது. மூன்று மாதத்தில் எட்டு வீடுகளையும் மூட வேண்டும் என்று நிறுவனக் கந்தோரில் சொன்னார்கள். மூடுவது என்பதுதான் அவர்கள் பாவித்த சொல். ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் இருந்தது. அதில் இரண்டு கட்டங்கள். தன்னைத்தானே கவனித்துக்கொள்ளக்கூடியவர் என்று ஒன்று, தொடர்ந்து உதவி தேவைப்படுபவர் என்று மற்றது. இரண்டாவதில் சரி போட்டால் யாரிடம் பாரம் கொடுக்கிறோம் என்று எழுத வேண்டும். எழுதுவதற்கு யாரும் இருக்கவில்லை. "முதலாவதைப் போடுங்கோ, எல்லாருக்கும் அதைத்தான் போடுறம்" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

கடைசி நாள் நான் போனபோது அவர் தனியே, போனையே எதிராளியாக்கி, மெஷினோடு விளையாடிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். இவர் அடித்த குண்டு விழுந்ததும் மெஷின் உடனே திருப்பி அடித்தது. ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. இவர் அடிக்க, அது அடிக்க, இவர் அடிக்க, ஆட்டம் மூன்று நிமிடத்தில் முடிந்து அடுத்தது தொடங்கியது. அந்த நேரம் முழுக்க அவர் ஒரு தடவையும் எழும்பவில்லை. நான் அதைக் கண்டேன். கண்டது என் மனதில் பட்டது. பட்டும், படிவத்தில் முதலாவது கட்டத்தில் சரி போட்டேன். வவுனியாவில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. இரண்டு நாளில் போய்ச் சேர வேண்டும்.

"மாசத்துக்கு ஒருக்கா வாறன் அண்ணை. மறக்காமல் எழும்புங்கோ."

"ஓம், ஓம். நீங்கள் பயப்பிடாமல் போங்கோ."

இரண்டு தடவை போனேன். பிறகு ஏழு மாதம் போகவில்லை. அந்த ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட ஓய்வு கிடைக்கவில்லை என்று நான் சொன்னால் அது பொய்.

ஒருநாள் மத்தியானம் அந்த அக்கா போன் எடுத்தார். அவரை மன்னார் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறது, ஏலுமெண்டால் வாங்கோ என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா வார்ட்டின் வெளிப்படியில் இருந்தார். "புண் மணம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிஞ்சது மிஸ்" என்றார். "குளிப்பாட்டவும் விடேல்லை. தானே செய்யிறன் எண்டு சொல்லிச் சொல்லி மறைச்சுப்போட்டார்."

புண் எலும்புக்குப் போயிருந்தது. கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டதாகத் தாதி சொன்னார். அவர் குப்புறப் படுத்திருந்தார். முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. தோள்கள் வற்றிப்போயிருந்தன. என்னைக் கண்டதும் எழும்புவதற்குக் கையை ஊன்றப் பார்த்தார், முடியவில்லை. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினேன், அப்போதுதான் அவருடைய கண்ணைப் பார்க்க முடிந்தது.

"ஏன் அண்ணை எழும்பாமல் விட்டனீங்கள்? எத்தினை தரம் சொன்னனான்?"

"மெஷினோட விளையாடேக்கை நேரமில்லை, தங்கச்சி. அது யோசிக்காது. உடன அடிக்கும்." மூச்சு வாங்கினார். "நீங்கள் அடிக்கிறதுக்குள்ள ஒரு வள்ளம் கரைக்கு வந்திடும்."

சிரிக்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எனக்கு ஒரு சொல்லு அறிவிச்சிருக்கலாமே?"

"உங்களுக்கு வேலை."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று வெளியே போகச் சொன்னார்கள். நாளைக்கு வாறன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு ஓம் என்றார். மறுநாள் விடிய ஆறு மணிக்கு அவர் இறந்துபோனார்.

அடக்கம் அவருடைய ஊர்ச் சேமக்காலையில் நடந்தது. என்னோடு எவரும் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. சுழியோடிகள் பலர் வந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் சக்கரக் கதிரையில். அவர்களும் என் பட்டியலில் இருந்தவர்கள்தான். ஒருவர் என்னைக் கண்டு தலையாட்டினார். நான் அவருக்குக் கிட்டப் போகவில்லை. அவர் எத்தனை மணித்தியாலமாக எழும்பாமல் இருக்கிறார் என்று கேட்க எனக்குத் துணிவு இருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு எல்லோரும் போய்விட, நான் அந்த அக்காவோடு குசினி வாசலில் இருந்தேன். அவர் வெள்ளாங்குளத்துக்குத் தன் தங்கச்சியார் வீட்டுக்குப் போக முடிவு செய்திருந்தார். ஒன்றைத் தவிர மற்றப் பெட்டிகள் கட்டியாகிவிட்டன. எனக்கு அதற்கு மேல் மனதுக்குள் வைத்திருக்க முடியவில்லை. படிவத்தைப் பற்றிச் சொன்னேன். இரண்டு கட்டங்கள் இருந்ததையும், அவர் எழும்பாமல் விளையாடியதைக் கண்ட பிறகும் முதலாவதில் நான் சரி போட்டதையும் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்ட வேண்டும் என்றுதான் சொன்னேன்.

அவர் என் பக்கம் திரும்பி இருந்தார்.

"எனக்குத் தெரியும் மிஸ். அந்தக் கடதாசியில நானும் கையெழுத்து வைச்சனான்தானே."

உண்மைதான். வீட்டாரின் ஒப்பம் என்று அடியில் ஒரு கோடு இருந்தது. அவருடைய கையெழுத்தை வாங்கியது நானே, அதை மறந்துவிட்டிருந்தேன்.

"வாசிச்சுப் பாத்துத்தான் வைச்சனான்" என்றார். "நீங்கள் வாற நாளில அவரைக் குளிப்பாட்டோணும், வீட்டைக் கூட்டோணும், தேத்தண்ணி வைக்கோணும். எட்டு வருசமா நான் மத்தியானத்தில ஒருக்காக் கண் மூடினதில்லை. ஆக்கள் வாறது நிண்டா, தானே பாத்துக்கொள்ளுவார் எண்டா, கொஞ்சம் படுக்கலாம் எண்டு நினைச்சன். படுத்தனான் மிஸ். அவர் உங்கை இருந்து விளையாடுவார், நான் இஞ்சை நல்ல நித்திரை கொண்டனான்."

நான் அவருடைய கையைப் பிடித்தேன். அவர் அதை மெல்ல எடுத்துக்கொண்டு எழும்பி, கடைசிப் பெட்டிக்குக் கயிறு தேடப் போனார்.